தாத்தாவின் தாத்தா வில்லங்கத்தில் இருக்கிறார்

வம்சாவளி தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது, வெளிநாட்டுத் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கித் தாத்தா பெயரைத் தட்டிப் பார்ப்பதுதான். ஒன்றும் வராது. அந்தத் தளங்கள் குடும்பப் பெயரை நம்பிக் கட்டப்பட்டவை. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயர் மகனுக்கு ஒற்றை எழுத்தாகச் சுருங்கும், பேரனிடம் அந்த எழுத்தும் மாறிவிடும். தலைமுறை தாண்டியும் இடம் பெயராமல் கிடப்பது நிலம் ஒன்றுதான். அதனால் ஆளைத் தேடாதீர்கள், வயலைத் தேடுங்கள். ஆள் தானாக வந்து நிற்பார்.

நிலம் இன்று உங்கள் கையில் இருக்கவேண்டும் என்பதில்லை. விற்றுப்போன நிலமும் உதவும், சொல்லப்போனால் கூடுதலாகவே உதவும். விற்கும்போதுதான் "இது எனக்கு எப்படி வந்தது" என்று விலாவாரியாக எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தேவை இரண்டே தகவல்: வருவாய் கிராமத்தின் பெயர், ஒரு சர்வே எண். சர்வே எண் தெரியவில்லையென்றால் பரணில் கிடக்கும் பழைய கிஸ்து (நிலவரி) ரசீதையோ கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகத்தையோ பாருங்கள். பட்டா எண் கிடைத்தால் அரசின் நில ஆவணத் தளத்தில் அதைக் கொடுத்துச் சர்வே எண்ணுக்குப் போய்விடலாம். ஊரில் போய்க் கேட்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் எட்டிப் பார்க்காத ஆள் திடீரென்று சர்வே எண் கேட்டால் பங்காளிகள் வேறுமாதிரிதான் நினைப்பார்கள்.

அடுத்தது பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளம். மின்னணு சேவைகள் பகுதியில் வில்லங்கச் சான்று, அதாவது ஒரு நிலத்தின்மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல், பார்வையிடும் வசதி இருக்கிறது, கட்டணம் இல்லை. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கொடுக்க வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கணினியில் உள்ளன. முதல் தேடலில் உட்பிரிவைக் காலியாக விடுங்கள். 112/3பி என்பது ஒரு காலத்தில் வெறும் 112/3 ஆக இருந்திருக்கும், அந்தப் பழைய பதிவுகள் அப்போதுதான் கண்ணில் படும்.

வரும் பிடிஎஃப்பை வேகமாகப் புரட்டிவிடாதீர்கள். உதாரணத்துக்கு, 1983-இல் பதிவான ஒரு பாகப்பிரிவினையில் பெயர்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "1. மு. கருப்பையா, 2. மு. சின்னச்சாமி, 3. மைனர் பழனிவேல், கார்டியன் தாயார் வள்ளியம்மை." மூன்றாவது பங்கு ஒரு சிறுவன் பெயரில், அவனுக்காகத் தாய் கையெழுத்து. அப்படியென்றால் பெரும்பாலும் மூன்றாவது சகோதரர் ஒருவர் இருந்து 1983-க்கு முன்பே இறந்திருக்கிறார். வீட்டில் யாரும் சொல்லாத ஒரு சாவு அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதற்குக் கீழே எல்லை விவரம்: "முத்தையா வகையறா நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு." இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். முத்தையா நிலத்துக்குக் கிழக்கே நம் நிலம் இருக்கிறது என்றால், முத்தையா நமக்கு மேற்கே இருக்கிறார். நான்கு மாலில், அதாவது நான்கு எல்லையிலும், உள்ளவர்களின் பெயர்களையும் தனியாக எழுதி வையுங்கள். ஒரே வயலைப் பாகம் பிரித்தால் பக்கத்துப் பட்டியில் இருப்பவர் பங்காளியாகத்தான் இருப்பார். ஒன்றுவிட்ட கிளைகளெல்லாம் கிடைப்பது இப்படித்தான்.

வில்லங்கம் வெறும் சுருக்கம். அதில் முந்தைய ஆவண எண் என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகவேண்டும். ஆவண எண்ணும் ஆண்டும் அலுவலகமும் தெரிந்தால் அதே தளத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். முழுப் பத்திரத்தில்தான் சரக்கு இருக்கிறது: தகப்பனார் பெயர், தொழில், குடியிருந்த தெரு, பழைய பத்திரங்களில் சாதியும்கூட. "சின்னையன் என்கிற ராமசாமி" என்று கூப்பிடும் பெயரையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" என்று வந்தால் சொத்து முன்னோர் வழி வந்தது, அதற்கு முன்னால் பத்திரமே இல்லாமல் இருக்கலாம். "சுயார்ஜிதம்" என்றால் யாரோ ஒருவர் தம் காசில் வாங்கியிருக்கிறார், அந்தக் கிரயப் பத்திரம் எங்கேயோ இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள், மைத்துனரோ சம்பந்தியோ அங்கேதான் ஒளிந்திருப்பார்.

1975-க்கு முந்தையதற்குப் பெரும்பாலும் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப் போடவேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் அட்டவணை ஆள் பெயர்படி, இரண்டாவது சொத்துப்படி. உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும்தான் நகல். அவர் இறந்தபின் மனுச் செய்யும் எவருக்கும் உண்டு. ஆகவே இறப்புச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

தேடல் முட்டி நிற்கும் இடங்கள் சில உண்டு. "பதிவுகள் இல்லை" என்று வந்தால் உடனே நம்பிவிடவேண்டாம். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்திருக்கலாம். மாவட்டமும் அப்படியே. மயிலாடுதுறை 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டம், அதுவே 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம்.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை யுடிஆர். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் புதிதாக உண்டாயின, பல இடங்களில் எண்களே மாறின. இன்றைய பட்டாவில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு 1960-ஆம் வருடத்துப் பத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. கிராமத்து நிலங்களை எண்வாரியாகக் காட்டும் அ-பதிவேட்டில் பழைய புல எண், உட்பிரிவு எண் என்று ஒரு கலம் இருக்கிறது. இரண்டு எண்களுக்கும் பாலம் அதுதான். அந்தக் கலம் காலியாக இருந்தால் தாலுகா அலுவலகத்தில் கோரிலேஷன் பட்டியல், அதாவது பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் பட்டியல், கேளுங்கள்.

பெயரை வைத்துத் தேடினால் இன்னொரு தொல்லை. ரெங்கசாமி, ரங்கசாமி, அரங்கசாமி மூவரும் கணினிக்கு மூன்று ஆட்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் வேறு. 1935-இல் ஒரு முத்தையா, 1978-இல் ஒரு முத்தையா, இருவரும் ஒரே வயலில். தகப்பனார் பெயரையும் மனைவி பெயரையும் ஒப்பிடாமல் ஒரே ஆள் என்று முடிவு கட்டினால் மரத்தில் ஒரு தலைமுறையே காணாமல் போகும்.

பத்திரத்தில் இல்லாதவர்கள் என்றால் அது பெண்கள்தான். தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வந்தது 1989-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால். அதற்கு முந்தைய பாகப்பிரிவினைகளில் மகன்கள் மட்டும் வரிசையாக இருப்பார்கள், ஐந்து அக்கா தங்கைகள் இருந்த தடயமே இருக்காது. அவர்கள் பெயர் வருவது விடுதலைப் பத்திரத்தில், அதாவது பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும்போது. உரிமையைக் கைவிடும் காகிதத்தில்தான் கணவர் பெயர், வாக்கப்பட்ட ஊர் எல்லாம் முழுதாகக் கிடைக்கின்றன. எனவே வில்லங்கத்தில் தன்மை என்ற கட்டத்தில் "விடுதலை" என்று இருந்தால் அதன் நகலை முதலில் வாங்குங்கள். வாய்ப்பேச்சிலும் கூர்ச்சீட்டிலும் (பதிவு செய்யாத பாகச் சீட்டிலும்) முடிந்த பாகம் எதுவும் வில்லங்கத்தில் ஏறாது. அதற்குப் பட்டா மாறுதலைத்தான் பார்க்கவேண்டும்.

பழைய பத்திரங்களில் தேதி தமிழ் வருடத்தில் இருக்கும்: "துர்முகி ௵ ஆடி ௴ 12 ௳." வரிசையாக வருடம், மாதம், நாள். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் துர்முகி 1956–57 ஆகவும் இருக்கலாம், 1896–97 ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் விக்டோரியா ராணி தலை இருக்கிறதா, அசோகத் தூண் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீர்ந்துவிடும். பரப்பு மாவிலும் குழியிலும் வரும். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா ஏறக்குறைய 33 சென்ட். மற்ற பகுதிகளில் குழியின் அளவே வேறு.

நிலமே இல்லாத குடும்பத்துக்கு? தேர்தல் துறைத் தளத்தில் உள்ள 2002, 2005 வாக்காளர் பட்டியல் நல்ல தொடக்கம். 2002-இல் 70 வயது என்று ஒருவர் இருந்தால் பிறப்பு 1932 வாக்கில். பக்கத்திலேயே தகப்பன் அல்லது கணவர் பெயர். ஒரே வரியில் போன நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் வயதை அப்படியே நம்பாதீர்கள், 60, 65, 70 என்று முழு எண்ணாக இருந்தால் குத்துமதிப்பு. தொகுதிகள் 2008 மறுசீரமைப்புக்கு முந்தையவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்சின் கடல்கடந்த ஆவணக் காப்பகம் படமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. ஆண்டு வாரியாகப் புரட்டிப் படிக்கலாம், பெற்றோர் பெயரும் இருக்கும்.

கப்பலேறிய கூலிகளின் கதை விசித்திரம். ஊரில் ஒரு சென்ட் நிலமில்லாமல், எந்தக் காகிதத்திலும் பெயர் ஏறாத மனிதர், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனதும் முழு விவரத்தோடு பதிவாகிறார். மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது 1860 நவம்பர் 16. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். கப்பல் பட்டியல்களில் ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று போகும். மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் காக்கும் ஆவணங்களும் இந்த வகைதான், சிலருக்கு அங்கே புகைப்படமே உண்டு. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி மூலம் போனவர்களுக்கு இந்த அளவு ஆள்வாரிப் பதிவு எதிர்பார்க்க முடியாது.

இந்தப் பட்டியல்களில் ஊர்ப்பெயர் சிதைந்திருக்கும். எழுதியவர் காதால் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். முனுசாமி 'மூன்சாமி' ஆனதும் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும் இப்படித்தான். ஜில்லா, தாலுகா பெயர்கள் ஓரளவு ஒழுங்காக இருக்கும், அவற்றை முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து வாய்விட்டு, வேகமாகப் படியுங்கள். எழுத்தர் காதில் விழுந்தது எந்த ஊர் என்று கண்ணுக்குப் படாதது காதுக்குப் பிடிபடும்.