நீலம் கேட்டார், கத்தரிப்பூ வந்தது

பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்த அண்ணாச்சி போனை நீட்டி, "இந்த நீலந்தான் வேணும் தம்பி" என்றார். ஃபோட்டோஷாப்பில் பார்த்தால் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255. சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினேன்; சயான் என்ற பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்ற ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று அச்சு மை நாலின் கணக்கு அது. திரையிலேயே நிறம் கொஞ்சம் மங்கியது. மானிட்டர் கோளாறாக இருக்கும் என்று பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகடு எடுக்க அனுப்பிவிட்டேன்.

மிஷின்காரர் முதல் தாளை உருவிப் பார்த்தார். "ஏல, இது கத்தரிப்பூ கலர்லா!"

மெஜந்தா மையைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார். நீலம் சற்றுத் தேறியது. ஆனால் மேலே இருந்த பிள்ளையார் வெளிறிப்போனார். ஒரே தாளில் இரண்டையும் காப்பாற்ற வழியில்லை. பிளேட்டை மாற்றினோம். காசு என் சம்பளத்தில் போனது.

மாற்றிய எண்களை அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். சயான் 88, மெஜந்தா 77. இந்த இரண்டு மையும் இவ்வளவு நெருங்கி நின்றால் தாளில் ஊதாதான் விழும். கம்ப்யூட்டர் கணக்கில் தப்பில்லை. திரை தானே எரியும் விளக்கு. மூன்று வெளிச்சமும் சேர்ந்தால் வெள்ளை. மை அப்படியில்லை, தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அந்தப் பளீர் நீலம் நாலு மைக்கும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. கிட்டத்தில் எதைப் பிடிக்கலாம் என்றுதான் யோசிக்க வேண்டும். இப்போது நீலம் என்றால் சயான் 100, மெஜந்தா 60க்கு மேல் விடமாட்டேன். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் அதுவும் அமுங்கும், தாள் மையை உறிஞ்சிவிடும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில்தான் நிற்கும்.

நீலத்தைவிட என்னைப் படுத்தியது கறுப்பு. கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ்களை இப்போது பையன்களே போனில் செய்து அனுப்புகிறார்கள். கொடைச் செலவுக்கு வரி கொடுத்த வரிகாரர்கள் பெயரெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். திரைக் கறுப்பை அப்படியே மாற்றினால் 75, 68, 67, 90 என்று நாலு மையும் ஏறிக்கொள்ளும். கூட்டினால் 300 சதவீதம். நாலு பிளேட்டும் ஒரு மயிரிழை விலகினால் போதும், 'ணை'யின் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு ஓரத்தில் ரோஸ் நிழல் தட்டும். தன் பெயர் கலங்கி வந்தால் வரி கொடுத்தவர் சும்மா விடுவாரா? அதனால் எழுத்து முழுக்க தனிக் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0. வேறு பேச்சே கிடையாது.

போன வாரம் ஒரு கொடை கமிட்டிக்காரர் வந்தார். போனில் கண்ணைக் கூசும் கிளிப்பச்சை. "இது நாலு கலர்ல விழாது அண்ணாச்சி" என்றேன்.

"போன்ல மினுங்குதே தம்பி?"

"போன்ல விளக்கு எரியுது அண்ணாச்சி. தாள்ல மினுங்கணும்னா அதுக்குன்னு தனி மை வாங்கி அஞ்சாவதா ஒரு ஓட்டு ஓட்டணும்."

ரேட்டைச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் நல்லா விழும்லா?"

"அருமையா விழும்."

"அப்ப மஞ்சளே போடும்."