தேய்ந்த பீஸை சாம்பிளாகக் கொடுக்காதீர்கள்

முன் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கும். என் பைக்கில் அதன் முனைகள் தேய்ந்து போயிருந்தன. புதிதாக எங்கும் கிடைக்கவில்லை. சரி என்று பழையதை லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், "இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு கொடுங்கண்ணே" என்றேன். அவரும் வெர்னியர் வைத்து அளந்து, அச்சு அசலாக அதே நீளத்துக்குக் கடைந்து கொடுத்தார். மாட்டி ஆக்சில் நட்டை இறுக்கினால் சக்கரம் கனமாகச் சுற்றுகிறது, நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் லேசாகச் சுற்றுகிறது. அப்படியே ஓட்டினேன், கொஞ்ச நாளிலேயே பேரிங் கரகரவென்று கத்த ஆரம்பித்துவிட்டது.

தப்பு அவருடையது இல்லை. தேய்ந்த பீஸைக் கொடுத்தேன், தேய்ந்த அளவில் புதுப் பீஸ் வந்தது. ஆக்சிலை இறுக்கும் அழுத்தம் ஒரு பேரிங்கின் உள்வளையத்திலிருந்து அந்தக் குழாய் வழியாகத்தான் அடுத்த பேரிங்கின் உள்வளையத்துக்குப் போகிறது, குழாய் குட்டையாக இருந்தால் இரண்டு உள்வளையங்களும் உள்நோக்கி இழுபட்டு நடுவிலுள்ள குண்டுகள் பக்கவாட்டில் நெரிபடும். அதனால் அளக்க வேண்டியது பழைய குழாயை அல்ல, ஹப்பில் பேரிங் உட்காரும் இரண்டு படிகளுக்கு இடையில் உள்ள தூரத்தை. குழாய் அதைவிட ஒரு மயிரிழை, 0.1 மி.மீ. போல, நீளமாக இருக்கலாம், குட்டையாக இருக்கவே கூடாது. இரண்டாவது தடவை ஹப், ஆக்சில், பேரிங் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். அவரே படிகளை அளந்து, இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி முகம் பிடித்து, அதாவது முனைகளைத் தட்டையாகக் கடைந்து, கொடுத்தார்.

அப்போதிருந்து எந்த வேலைக்குப் போனாலும் ஜோடிப் பீஸ் கையில் இருக்கும். புஷ் (தண்டு சுழல உதவும் சின்ன உருளை வளையம்) என்றால் அது நுழையும் துளையும் வேண்டும், அதற்குள் ஓடும் தண்டும் வேண்டும். சிலிண்டர் போர் போட, அதாவது தேய்ந்த உள்துளையைக் கடைந்து பெரிதாக்க வேண்டுமா, 0.25 மி.மீ. ஓவர்சைஸோ 0.50 மி.மீ. ஓவர்சைஸோ பிஸ்டனை முதலில் வாங்கிவிடுங்கள், அந்த பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும்.

இன்னொன்று, பேரிங் நுழையவில்லை என்பதற்காக ஹப் துளையைப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள். அது இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், 6202 என்ற எண் கொண்ட பேரிங் உட்காரும் 35 மி.மீ. துளையை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்றினால் 0.06 மி.மீ. வரை திறக்கும், பேரிங் அதிகம் அடிக்காமலே உள்ளே போகும்.

ஆக்சிலையும் பிரேக் காலிப்பர் போல்ட்டையும் மட்டும் நான் கடையக் கொடுப்பதே இல்லை. பட்டறையில் கிடக்கும் கம்பி என்ன இரும்பு, சூடேற்றிப் பதம் ஏற்றியதா இல்லையா என்பதை வெர்னியர் சொல்லாது.