ரிப்போர்ட் வரும்வரை, சாருலதா

ஆகஸ்ட் 4
இன்றைக்கும் அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஆகஸ்ட் 4, இரவு
அம்மா தூங்கிய பிறகு மறுபடியும் ‘சாருலதா’. சத்யஜித் ராய், 1964. முழுப் படம் இல்லை, ஆரம்பம் மட்டும். 1879-ஆம் வருஷத்துக் கல்கத்தா, பெரிய வீடு, மதிய வேளை. சாரு ஜன்னல் ஜன்னலாகப் போய், கைப்பிடி வைத்த கண்ணாடியைக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்க்கிறாள். பல்லக்கு போகிறது, குடை பிடித்த தொப்பைக்காரர் போகிறார். அப்புறம் அவள் புருஷன் பூபதி வருகிறான். புத்தகத்தில் மூழ்கியபடி அவளைத் தாண்டிப் போகிறான். பக்கத்தில் மனைவி நிற்பதே தெரியவில்லை. அவள் அதே கண்ணாடியை எடுத்து அவன் முதுகைப் பார்க்கிறாள்.

முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளைச் சுலபமாகப் புரிந்துகொண்டிருப்பேன்.

ஆகஸ்ட் 5
அம்மா ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். தம்பி போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6
இன்று அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தாள். சப்டைட்டிலைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். பாதிப் படத்தில் கேட்டாள், “அவன் குடிக்கிறானா, அடிக்கிறானா? தங்கமான மனுஷன். இவளுக்கு என்ன குறை?”

தனிமை என்று சொல்லிவிடலாம். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் அமல், பூபதிக்குத் தம்பி முறை. அவன் எழுதுவதற்கு நோட்டு கொடுப்பவளே சாருதான். அதில் எழுதுவது அச்சுக்குப் போகக் கூடாது என்பதுதான் பேச்சு. அவன் பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறான். உடனே இவளும் எழுத உட்காருகிறாள். முதலில் அவனைப் போலவே எழுதிப் பார்க்கிறாள், பிடிக்கவில்லை. பிறகு அவள் முகத்தின் மேலேயே பிறந்த ஊர் வந்து போகிறது: ஆறு, படகுகள், திருவிழா, வாணவேடிக்கை. சாருவாக நடிக்கும் மாதவி முகர்ஜியின் கண் மட்டும் அசையாமல் இருக்கிறது. அந்தக் கட்டுரை அச்சாகிறது. பத்திரிகையைக் கொண்டுபோய் அமல் தலையிலேயே அடிக்கிறாள். ஜெயித்துவிட்டாள் என்று நான் நிமிர்ந்து உட்காரும்போது, அவனைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுகிறாள்.

அந்த அழுகைதான் சாரு. அவன் மேல் வைத்த ஆசையும் நிஜம், எழுத்தும் நிஜம். எது எதற்காக என்று பிரிக்கப் போனால் இரண்டும் கையில் நிற்காது. அவனுக்குக் காட்டத்தான் எழுதினாள். ஆனால் அந்த ஊர் அவன் கொடுத்ததில்லை.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அம்மா தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 7
கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “நாளைக்கு வாங்க” என்றார். நாளைக்கு என்ற சொல்லை இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஆகஸ்ட் 7, பின்னிரவு
தூக்கம் இல்லை. ஊஞ்சல் காட்சி. கேமரா அவள் கூடவே ஆடுகிறது, முகம் அப்படியே நிற்க, தோட்டம் போய்ப் போய் வருகிறது. பாடுகிறாள். பிறகு கண்ணாடியில் எதிர்வீட்டுத் தாயையும் குழந்தையையும் பார்க்கிறாள். அங்கிருந்து கண்ணாடி அமல் பக்கம் திரும்புகிறது. சிரிப்பு மெல்லப் போய்விடுகிறது. அந்த நொடியில்தான் அவளுக்கே தெரிகிறது. குழந்தை இல்லாத குறை என்று மட்டும் இதைப் படிப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. தன் மனசு எங்கே போய் நிற்கிறது என்று ஒருத்திக்குத் தெரிந்துபோன நேரத்தின் பயம் அது.

ஆகஸ்ட் 9
அம்மாவுக்குக் காய்ச்சல். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 10
காய்ச்சல் இறங்கிவிட்டது. “அந்தப் படத்தோட மிச்சத்தைப் போடு” என்று அவளே கேட்டாள்.

கடைசியில் சாரு கதவைத் திறந்து உள்ளே வரச் சொல்லிக் கையை நீட்டுகிறாள். பூபதியும் நீட்டுகிறான். இரண்டு கையும் சேர்வதற்குள் படம் உறைந்துவிடுகிறது. “புடிச்சானா இல்லையா?” என்றாள் அம்மா. தெரியாதும்மா என்றேன். “புடிக்கட்டும். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

தாகூரின் மூலக்கதையில் (1901) இந்தக் கைகளே இல்லை. பூபதி மைசூரில் பத்திரிகை வேலைக்குக் கிளம்புகிறான். என்னையும் கூட்டிப் போங்கள் என்கிறாள். அவன் தயங்கி, பிறகு சரி, வா என்கிறான். வேண்டாம், இருக்கட்டும் என்று விடுகிறாள். அந்தச் சாரு இன்னும் கடினமானவள். ராயின் சாரு, அமல் மேல் வைத்த ஆசை பூபதிக்குத் தெரிந்துபோன பிறகும், முதலில் கை நீட்டுகிறாள். இந்த இருவரில் யாருக்குத் துணிச்சல் அதிகம் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். இப்போதைக்குக் கை நீட்டியவள் பக்கம்தான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 11
காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். கூட ஒருவர் வர வேண்டுமாம். தம்பி பஸ் ஏறிவிட்டான்.

கடற்கரைக் காட்சி பற்றி இன்னும் எழுதவில்லை. பூபதி இங்கிலீஷில் நடத்திவந்த பத்திரிகையை இனி இங்கிலீஷ், வங்காளி இரண்டு மொழியிலும் நடத்தலாம், வங்காளிப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளாகவே சொல்கிறாள். பூபதிக்கு ஒரே சந்தோஷம். அமல் போன பிறகு, யாரிடமும் காட்ட வேண்டிய அவசியம் இல்லாதபோது கேட்கிறாள் அதை. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும். ஃபைல், பழைய ஸ்கேன், ஆதார் எடுத்து வைத்தாயிற்று.