கணீரென்ற கிளீன் டோனுக்கு எந்த பிக்கப்?

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இது எத்தனை கே?" என்பதுதான். 6 கே, 8 கே, 14 கே என்று பெட்டியின்மேல் போட்டிருக்கும் எண், கிலோ ஓம் கணக்கில் சுருளின் மின்தடை. மணி அடித்தது போன்ற தெளிவான, சிதைவு (டிரைவ்) கலக்காத கிளீன் டோன் வேண்டுமானால் அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சுருளில் எவ்வளவு நீளக் கம்பி, எந்தத் தடிமனில் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. 42 கேஜ் கம்பியில் சுற்றிய அதே எண்ணிக்கைச் சுற்றுகளை மெல்லிய 43 கேஜில் சுற்றினால் தடை ஏறும், சத்தம் ஏறாது. ஃபெண்டரின் டெலிகாஸ்டர் (டெலி) கிட்டாரில் கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப் வழக்கமாக 43 கேஜ் என்பதால், அதன் 7 கே-யை ஸ்ட்ராட்டோகாஸ்டரின் (ஸ்ட்ராட்) 6 கே-யோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அறையின் சூடு மாறினாலும் எண் மாறும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.4 சதவீதம் அளவுக்குக் கூடுவதால், 20 டிகிரியில் 6.0 காட்டும் பிக்கப் 30 டிகிரியில் 6.2-ஐத் தாண்டிவிடும்.

கேட்க வேண்டிய எண் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு. அது ஹென்ரி கணக்கில் வரும். நல்ல தயாரிப்பாளர்கள் பலர் அதைத் தருகிறார்கள். தராதவர்களிடம் கேட்டு வாங்கலாம்.

பிக்கப்பின் இண்டக்டன்ஸும், சுருளும் கேபிளும் சேர்ந்து தரும் கெபாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மையும்) கூடி ஓர் இடத்தில் ஒத்ததிர்வு முகடு ஒன்றை உண்டாக்குகின்றன. அந்த முகடு வரை ஒலி ஏறி, அதைத் தாண்டியதும் சரிந்துவிடும். கிட்டாரின் "குரல்" எங்கே திறக்கிறது, எங்கே அடைக்கிறது என்பது பெரும்பாலும் இந்த முகட்டைப் பொறுத்ததுதான். வெண்கல மணியைத் தட்டும்போது வரும் கூர்மையான முதல் அடியும், அதற்குப் பின்னால் மேலே நின்று ஒலிக்கும் மெல்லிய நாதமும் கிட்டாரில் கிடைக்க, முகடு 4000 ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2500-க்குக் கீழே இறங்கினால் எந்த ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) டிரெபிளைத் திருகினாலும் அந்த மினுக்கம் வராது. இல்லாத ஒன்றை ஆம்ப் எப்படிக் கூட்டித் தரும்?

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். சாதாரண கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். சுருளுக்கு ஒரு 120 பிகோஃபாரட் வைத்துக்கொள்வோம். 2.4 ஹென்ரி உள்ள ஸ்ட்ராட் பிக்கப்பை 3 மீட்டர் கேபிளில் போட்டால் முகடு 5000 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். அதே பிக்கப், 6 மீட்டர் கேபிள் என்றால் 3800-க்கு வந்துவிடும். 4.4 ஹென்ரி உள்ள பழைய பாணி ஹம்பக்கர் (இரைச்சலை அடக்க இரண்டு சுருள் கொண்ட பிக்கப்) 3 மீட்டர் கேபிளில் 3700. 8 ஹென்ரி உள்ள, அதிகம் சுற்றிய "சூடான" ஹம்பக்கர் அதே கேபிளில் 2700-தான். அதாவது, நீளமான கேபிள் போட்ட ஸ்ட்ராட்டும் குட்டைக் கேபிள் போட்ட பழைய பாணி ஹம்பக்கரும் முகட்டு அளவில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. பிக்கப்புக்குப் பணம் போடுமுன் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். மீட்டருக்கு 60 பிகோஃபாரட் அளவில் இருக்கும் கேபிள்களும் கிடைக்கின்றன. நீளம் தவிர்க்க முடியாத மேடையில், கிட்டாருக்கு அடுத்தபடியாக ஒரு பஃபர் பெடலை வைத்தால் அதற்குப் பின்னால் எத்தனை மீட்டர் ஓடினாலும் பிக்கப்பைப் பாதிக்காது.

இனி வகைகள். இந்த வேலைக்கென்றே பிறந்தது ஸ்ட்ராட் பாணி சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்தான்: அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தத் தண்டுகள் ஆறு, அவற்றின்மேல் 42 கேஜ் கம்பி சுமார் 8,000 சுற்று, தடை 5.6 முதல் 6.2 கே, இண்டக்டன்ஸ் 2.2 முதல் 2.6 ஹென்ரி. இந்த எல்லைக்குள் எதை வாங்கினாலும் அடிப்படை சரியாகவே இருக்கும். "ஓவர்வவுண்ட்" என்று விற்கப்படுவது மூன்று ஹென்ரியைத் தாண்டும். டிரைவ் வாசிப்பவருக்கு அது நல்லது, நமக்கு வேண்டாம். மலிவான கிட்டார்களில் தண்டுகள் காந்தமாக இருப்பதில்லை. இரும்புத் தண்டு ஆறும், அடியில் ஒட்டிய செராமிக் கட்டையும் இருக்கும். இரும்பு இண்டக்டன்ஸை ஏற்றுவதோடு சுழல் மின்னோட்டத்தால் முகட்டையும் மழுக்கிவிடும். கிட்டாரைப் பிரித்து அடியில் கறுத்த செராமிக் கட்டையைப் பார்த்தால், பிக்கப் மாற்றுவதில் நல்ல பலன் கிடைக்கும் கிட்டார் அது.

டெலி நெக் பிக்கப்பில் மூடிதான் விஷயம். நிக்கல்-சில்வர் மூடி அதிகம் கெடுக்காது. பித்தளை மூடி உச்ச ஒலியை விழுங்கிவிடும். கிரெட்ச் கிட்டார்களின் ஃபில்டர்ட்ரான் ஹம்பக்கராக இருந்தும் 4 கே அளவில்தான் சுற்றப்படுகிறது. இரைச்சல் இல்லாமல் மணியோசை வேண்டுவோருக்கு என் முதல் பரிந்துரை அதுவே. டான்எலக்ட்ரோவின் லிப்ஸ்டிக் குழாய் பிக்கப்பும் குறைந்த சுற்றுதான், ஆனால் அதன் மினுக்கம் கண்ணாடித் தன்மை கொண்டது, மணியின் உடம்பு கொஞ்சம் குறையும். பி-90 அருமையான பிக்கப், ஆனால் 10,000 சுற்றும் 6 ஹென்ரியை ஒட்டிய இண்டக்டன்ஸும் கொண்டது. நடுப்பகுதி தடித்த அந்தக் குரலை மணி என்று சொல்ல மாட்டேன்.

காந்தத்தைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. அல்நிகோ 5 வலுவானது, அடி கூர்மையாக வரும். அல்நிகோ 3 வலுக் குறைந்தது, தந்தியைக் குறைவாக இழுக்கும், அதனால் நெக் பக்கத்துக்கு இனிமை. அல்நிகோ 2 இன்னும் மெத்தென்று கேட்கும். பிரிட்ஜில் (தந்தியின் அடிமுனைப் பக்கம்) 5, நெக்கில் 3 என்று கலந்து போடலாம். இந்த வேறுபாடு உண்மையானது என்றாலும், உயரத்தைச் சரிசெய்வதில் கிடைப்பதைவிடச் சிறியது.

உயரம் அவ்வளவு முக்கியம். ஸ்ட்ராட் பாணி பிக்கப்புகளின் காந்தத் தண்டுகள் தந்தியை நேராகவே இழுப்பவை. பிக்கப்பை மேலே ஏற்றினால் சத்தம் கூடும் என்று ஏற்றிவிடுகிறார்கள். தடித்த இ தந்தியை 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேலே வாசித்துப் பாருங்கள்: ஒரே சுரத்துக்குள் இரண்டு சுரம் மோதி, "வொவ்வொவ்" என்று ஆடும். இன்டனேஷனை (சுரச் சுத்தத்தை) எப்படித் திருகினாலும் நிற்காது. பலர் அதைப் பிரிட்ஜின் கோளாறு என்று நினைத்து சேடிலை (பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் துண்டை) மாற்றுகிறார்கள். கோளாறு காந்தத்தின் இழுப்பு. கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடியிலிருந்து தண்டின் தலை வரை அளந்து பாருங்கள்: தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2.0 மி.மீ. அங்கிருந்து தொடங்கி, நெக் பிக்கப்பை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கிக்கொண்டே கேளுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் ஒரு கட்டத்தில் தந்தி சட்டென்று மூச்சு விட்டதுபோல் நீண்டு ஒலிக்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். குறைந்த சத்தத்தை ஆம்பில் ஏற்றிக்கொள்ளலாம். வலுக் குறைந்த சிக்னல் ஆம்பின் முதல் கட்டத்தை நசுக்காது என்பதால், கிளீன் வாசிப்புக்கு அதுவே லாபம்.

தண்டுகள் ஏற்ற இறக்கமாக இருக்கும் பிக்கப்பில் ஜி தந்தியின் தண்டு மிக உயரமாக இருக்கும். ஜி தந்தியும் மேலே கம்பி சுற்றிய தந்தியாக இருந்த காலத்துக் கணக்கு அது. இன்றைய வெறும் ஜி தந்தியில் அது மட்டும் துருத்திக்கொண்டு ஒலிக்கும். இன்றைய தந்தித் தொகுப்பு போடுபவர்கள் தட்டையான தண்டு உள்ளதை வாங்குவதே நல்லது. ஒன்று மட்டும் செய்யவே கூடாது: உயரமான தண்டைத் தட்டி உள்ளே தள்ளுவது. இந்த வகையில் பல பிக்கப்புகளில் கம்பி நேரடியாகத் தண்டின்மேலேயே சுற்றப்பட்டிருக்கும். 42 கேஜ் கம்பியின் தடிமன் 0.063 மி.மீ.தான். தண்டு அசைந்தால் உட்சுற்று அறுந்து பிக்கப் செத்துவிடும்.

பிக்கப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கில் வரும். 648 மி.மீ. நீள ஸ்ட்ராட்டில் நெக் பிக்கப், பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தூரத்தில், அதாவது 162 மி.மீ. அருகே இருக்கிறது. திறந்த தந்தியின் நான்காவது ஹார்மோனிக் (மேற்சுரம்) அசையாமல் நிற்கும் புள்ளி அது. அந்த ஹார்மோனிக் விடுபடுவதால் உண்டாகும் வெற்றிடமும் அந்தக் குரலின் ஒரு பகுதி. 24 ஃபிரெட் கிட்டாரில் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் நகர்ந்துவிடும். அதே பிக்கப்பைப் போட்டும் அதே குரல் வரவில்லையே என்று தேட வேண்டாம்.

ஸ்ட்ராட்டின் ஐந்து நிலை சுவிட்சில் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரண்டு பிக்கப் இணையாகச் சேர்கின்றன. இண்டக்டன்ஸ் பாதியாகும், இரண்டு இடத்து ஒலி ஒன்றையொன்று சில அலைவரிசைகளில் அடித்துக்கொள்ளும். கிளீனில் பலரும் மணி என்று சொல்வது இந்த நெக்-நடு கூட்டைத்தான். நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்த்துருவமாக இருந்தால் இந்த இரு நிலைகளிலும் கரண்ட் இரைச்சல் அடங்கும். தனியாக ஒன்று வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

வால்யூம், டோன் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) இரண்டும் சிங்கிள் காயிலுக்கு 250 கே. 500 கே போட்டால் முகடு உயர்ந்து காதைக் குத்தும். ஆனால் மந்தமாகக் கேட்கும் பிக்கப்புக்கு அது நல்ல மருந்து. டோன் பாட் முழுவதும் திறந்திருக்கும்போதும் பாரமாகவே தொங்கிக்கொண்டிருக்கும். 10-இல் வைத்ததும் தானாகத் துண்டித்துக்கொள்ளும் நோ-லோட் பாட் அந்தப் பாரத்தை எடுத்துவிடும். வால்யூமைக் குறைத்தால் ஒலி மங்குகிறதா? வால்யூம் பாட்டின் உள்ளீட்டுக் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 680 பிகோஃபாரட் கெபாசிட்டரையும் 150 கே ரெசிஸ்டரையும் ஒன்றுக்கொன்று இணையாக வைத்துச் சால்டர் செய்யுங்கள். கணினியில் நேரடியாகப் பதிவு செய்பவர்கள், இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். லைன் உள்ளீட்டின் பத்துப் பதினைந்து கிலோ ஓம் எந்த நல்ல பிக்கப்பையும் போர்வை போட்டு மூடிவிடும்.

ஹம்பக்கர் கிட்டார் வைத்திருப்பவர்கள் உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. பிக்கப்பிலிருந்து நான்கு கம்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், இரண்டு சுருளையும் தொடராக இல்லாமல் இணையாக மாற்ற, ஆறு கால் உள்ள ஆன்-ஆன் சுவிட்ச் ஒன்று போதும். இண்டக்டன்ஸ் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகும், சத்தம் குறையும், இரைச்சல் அடக்கம் அப்படியே இருக்கும். ஒரு சுருளை மட்டும் வெட்டி எடுப்பதைவிட இதையே நான் விரும்புவேன்.

மாட்டிய பின் ஒரு சோதனை, அதுவும் தந்தி கட்டுமுன். மல்டிமீட்டரை 20 கே-யில் வைத்து, சிவப்பு முனையைப் பிக்கப்பின் ஹாட் (சிக்னல்) கம்பியிலும் கறுப்பை கிரவுண்டிலும் பிடியுங்கள். இரும்பு ஸ்குரூடிரைவரைத் தண்டுகளின்மேல் படுக்க வைத்து வெடுக்கென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும், அல்லது இறங்கும். எல்லாப் பிக்கப்பும் ஒரே திசையில் போக வேண்டும். ஒன்று எதிர்த்திசையில் போனால், மற்றதோடு சேரும்போது அடித்தளம் இல்லாத மெலிந்த ஒலிதான் வரும். அந்தப் பிக்கப்பின் இரு கம்பிகளையும் இடம் மாற்றினால் சரியாகும். டெலி நெக் பிக்கப்பாக இருந்தால் முதலில் மூடியின் கிரவுண்ட் இணைப்பைப் பிரித்து அதற்குத் தனிக் கம்பி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடி ஹாட் ஆகி, கை பட்டாலே உறுமும்.