கடலோரத்தில் ஒரு தண்டவாளம்

இங்கிலாந்தில் டெவன் பக்கம் டாலிஷ் என்று ஒரு சின்ன ஊர். புரூனல் என்ற பொறியாளர் கடலை ஒட்டியே ரயில் பாதை போட்டார், 1846-ல். ஜன்னலோர சீட் கிடைத்தால் அலை முகத்தில் தெறிக்கும் தூரம்தான். அழகுக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் அவ்வளவு பக்கத்தில் போட்டிருக்க வேண்டுமா என்று எனக்கு எப்பவும் தோன்றும்.

2014 பிப்ரவரி 4 ராத்திரி அடித்த புயலில் கடல் சுவர் இடிந்து, அடியில் இருந்த மண்ணையும் அலை அள்ளிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் வந்த படங்களில் தண்டவாளம் மட்டும் கட்டைகளோடு சேர்ந்து நூலேணி மாதிரி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீடுகளின் முன்பக்கம் வேறு பெயர்ந்து கிடந்தது.

சரிசெய்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய கப்பல் கன்டெய்னர்களை வரிசையாக வைத்து, வெல்டிங் போட்டு இணைத்து, உள்ளே கல்லை நிரப்பி அலைக்குத் தடுப்பாக நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னால் நின்றுதான் கான்கிரீட் ஊற்றினார்கள். நடுவில் காதலர் தினத்தன்று இன்னொரு புயல் வந்து அதிலும் கொஞ்சத்தைப் பிய்த்துப் போட்டது! இதற்கிடையே பக்கத்து ஊரான டெயின்மவுத் பக்கம் மண்சரிவு வேறு, அதைத் தண்ணீர் பீய்ச்சியடித்தே கரைத்து இறக்கினார்கள். ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட சுமார் 300 பேர், ரெண்டே மாசம். ஏப்ரல் 4 அன்று ரயில் ஓடிவிட்டது.

அப்புறம் நிதானமாக, 2.5 மீட்டர் கூடுதல் உயரத்தில், மேல் விளிம்பு கடல் பக்கம் வளைந்த புதுச் சுவரும் கட்டி 2023-ல் முடித்தார்கள். வருகிற அலையை அப்படியே கடலுக்கே திருப்பி விடத்தான் அந்த வளைவு.