முகங்கள் கடைசியில்தான் வந்தன

ஜோஹன்னஸ்பர்க்கில் படங்களுக்கு பிரேம் போடும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஊரில் சாமி படத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் சட்டம் அடித்த கைதான் இது, இங்கே வந்த பிறகு ஓவியங்கள் பக்கம் திரும்பியது. எங்கள் தொழிலில் எந்தப் படத்தையும் முதலில் பின்பக்கமாகத்தான் பார்ப்போம். துருப்பிடித்த ஆணி, பூச்சி அரித்த தடம், யாரோ பென்சிலில் கிறுக்கிய விலை, ஏதோ ஒரு கண்காட்சியில் ஒட்டிய சீட்டு. முன்பக்கம் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு நிறுவனம் தன் அலுவலக நடையில் மாட்டுவதற்காக தென்னாப்பிரிக்கக் கறுப்பின ஓவியர் ஜெரார்ட் செகோட்டோவின் ஆரம்பகாலப் படங்களின் அச்சுப் பிரதிகளைக் கட்டாக அனுப்பியது. அசல் இல்லை, அசல் வந்தால் காப்பீடு, பூட்டு, கையுறை என்று பட்டறையே வேறு மாதிரி ஆகிவிடும். இவை நல்ல தாளில் அச்சடித்தவை. கால வரிசையில் மாட்ட வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் இடமும் வருஷமும் போட்டு ஒரு சின்னச் சீட்டு வேண்டும் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டுப் பட்டியலைப் பார்த்தால் பாதிப் படங்களுக்கு வருஷமே இல்லை. கேட்டலாக்குகளைத் தேடிப் பிடித்து உட்கார வேண்டியதாயிற்று, அந்த வேலை என் தலையில்தான் விழுந்தது, விழுந்ததில் வருத்தமில்லை.

செகோட்டோ விஷயத்தில் ஒரு சௌகரியம், இடம் தெரிந்தால் வருஷம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். 1913-இல் மிடில்பர்க் அருகே போட்சபேலோ என்ற ஜெர்மன் லூத்தரன் மிஷனில் பிறந்தவர். கிரேஸ் டியூ கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு பீட்டர்ஸ்பர்க் பக்கம், அதாவது இன்றைய பொலோக்வானேயில், வாத்தியார் வேலை பார்த்தார். 1930-களின் கடைசியில் வேலையை உதறிவிட்டு ஜோஹன்னஸ்பர்க் வந்து, கறுப்பின மக்கள் நிறைய வாழ்ந்த சோஃபியாடவுன் பகுதியில் உறவினர்களோடு தங்கினார். 1942-இல் கேப் டவுன், அங்கே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி. 1945-இல் பிரிட்டோரியாவின் ஈஸ்ட்வுட், அம்மா வீடு. 1947-இல் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். மாதச் சம்பளம் வரும் வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்று ஒரு பையன் கிளம்பினால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் சீட்டு எழுதினேன்.

அத்தனையையும் மேசையில் வரிசையாகப் பரப்பியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சோஃபியாடவுன் படங்களில் தெருதான் முக்கியம். மஞ்சள் சுவர், செம்மண் பாதை, வேலி, வெயில். மனிதர்கள் அதற்குள் நடந்து போகிறவர்கள், பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு. 1940-இல் ஜோஹன்னஸ்பர்க் ஆர்ட் கேலரி வாங்கிய 'மஞ்சள் வீடுகள்' அந்தச் சமயத்துப் படம். இந்நாட்டின் கலைக்கூடங்களில் ஒரு கறுப்பினக் கலைஞரின் ஓவியம் நுழைந்தது அதுதான் முதல் முறை என்று சொல்வார்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸுக்குப் போனதும் ஆள் கதவைத் தாண்டி உள்ளே வருகிறார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு பையன், வீட்டுக்குள் மங்கலான மாலை நேரம். ஈஸ்ட்வுட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா, அம்மாவின் இரண்டாவது கணவர், கடைசியாகத் தன் முகம். நடுவில் விதிவிலக்குகள் உண்டு, டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலேயே நல்ல உருவப்படங்கள் வரைந்திருக்கிறார். ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் தெருவிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து முகத்துக்கும் வந்து சேர்ந்தவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

என்னோடு வேலை செய்யும் அங்கிள் ஊருக்கு வெளியே இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய லெனேசியாவிலிருந்து வருபவர், நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். சின்ன வயதில் ஜோஹன்னஸ்பர்க்கின் ஃபீட்டாஸ் பகுதியில் இருந்தவர். 1970-களில் நிறவெறி அரசு அங்கிருந்த இந்தியர்களைக் கிளப்பி லெனேசியாவுக்கு அனுப்பியபோது அவர்கள் வீடும் போயிற்று. சோஃபியாடவுன் படத்துக்கு மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, வெட்டிக்கொண்டிருந்தவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டு, "எங்க ரோடும் இப்படித்தான் தம்பி, இந்தத் தகரக் கூரை, இந்த வேலி" என்றார். அப்புறம் படத்தில் ஒரு மூலையைக் காட்டி, அங்கே ஒரு கடை இருந்திருக்கும் என்றார். படத்தில் கடை இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் பார்த்தது வேறு தெரு.

சோஃபியாடவுனை 1955 பிப்ரவரியில் காலி செய்ய ஆரம்பித்தார்கள். இடித்த இடத்தில் வெள்ளையர்களுக்குக் குடியிருப்பு கட்டி அதற்கு 'வெற்றி' என்ற பொருளில் டிரையோம்ஃப் என்று பெயரும் வைத்தார்கள், கொழுப்பு என்பது இதுதான். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது 1966-இல். ஈஸ்ட்வுட்டும் மிஞ்சவில்லை. செகோட்டோ வாழ்ந்து வரைந்த மூன்று இடங்களும் போய்விட்டன, அவர் நாட்டை விட்டுப் போனதோ 1948 தேர்தலில் அபார்ட்ஹெய்ட் என்ற நிறவெறிக் கொள்கையோடு நின்ற கட்சி ஆட்சிக்கு வருவதற்கு முந்தின வருஷம். அதனால் இந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் அழிந்த ஊரின் சாட்சி என்றே பேசுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. வரைந்தபோது அவருக்கு அது அழியப்போகும் ஊர் இல்லை, வாடகை கொடுத்துக் குடியிருந்த தெரு. அந்தச் சுவர் மஞ்சளாக இருந்தது, வெயில் அடித்தது, வரைந்தார்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். அந்த மஞ்சளுக்கு மவுண்ட் நிறம் பிடிப்பது லேசில்லை. கிரீம் வைத்தால் சுவர் செத்துப் போகிறது, பளிச்சென்ற வெள்ளை வைத்தால் செம்மண் கத்துகிறது. கடைசியில் லேசாகச் சாம்பல் கலந்த வெள்ளைதான் ஒத்து வந்தது. 'கோடரிப் பாட்டு' படத்துக்கு எதை வைத்தாலும் பொருந்தியது, அது அவ்வளவு பலமான படம். கூலியாட்கள் வரிசையாகக் குத்துக்கோடரியை ஓங்கியிருக்க, ஒரு பக்கம் வெள்ளைக்கார மேற்பார்வையாளர் வாயில் பைப்போடு, கையைப் பாக்கெட்டில் விட்டபடி நிற்கிறார். ஆள் ஒல்லி. அத்தனை கோடரிகளும் ஒரே தாளத்தில் எழும்பி அவர் பக்கமே சாய்ந்திருப்பதைக் கவனித்தால் அவருடைய இடத்தில் நிற்க யாருக்கும் ஆசை வராது. ஆண்ட்ரூ கோல்டி என்பவர் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்கிறார்கள். இதை மனிதவளப் பிரிவின் கதவுக்கு எதிரே மாட்டுவதாகத் திட்டம். ஒரு மேலாளர் வந்து பார்த்துவிட்டு, வேறு இடம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். படம் லிஃப்ட் பக்கம் போயிற்று.

பாரிஸ் படங்கள் இந்தக் கட்டில் இல்லை, கேட்கவும் இல்லை. இங்கே விலையும் பேரும் 1947-க்கு முந்தினதற்குத்தான். அந்த மனிதர் அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பிரான்ஸில் இருந்தார், பிழைப்புக்கு பாரில் பியானோ வாசித்தார், 1966-இல் செனகல் போய் வந்து அங்கத்துப் பெண்களை வரைந்தார், 1993-இல் நோஜான்-சூர்-மார்னில் இறந்தார், ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. 1989-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் அவருடைய மொத்தப் படைப்புகளுக்கும் பெரிய கண்காட்சி வைத்தபோதும் வரவில்லை. பிந்தைய படங்களில் நிறைய நினைவிலிருந்து வரைந்தவை, சிலவற்றில் அது தெரியவும் செய்கிறது. ஆனால் செனகல் படங்களை ஆரம்பகாலப் படங்களுக்குக் கீழே வைக்க எனக்கு மனசு வராது, ஏலக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது 1947-இன் சுயசித்திரத்தில். முகத்தைத் திருப்பி நம்மை நேராகப் பார்க்கிறார், கிளம்பப் போகிற வருஷம். கால வரிசை என்று நீங்களே சொன்னீர்கள், ஆகவே இது நடையின் கடைசியில்தான் வர வேண்டும் என்றேன். வாசலில்தான் வேண்டும், கலைஞர் யார் என்று உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டாமா என்றார்கள். அங்கிள் என் கட்சிதான், ஆனால் பணம் அவர்கள் கட்சி. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி வாசலிலேயே மாட்டிவிட்டு வந்தோம். சீட்டில் 1947 என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன், இதுவரை யாரும் கேட்கவில்லை.