சுண்டெலி நுரையீரலில் சளிச் செல்களை எண்ணுவது

ஆஸ்துமா ஆய்வில் கோப்லட் செல்களை, அதாவது சளி சுரக்கும் செல்களை, எண்ண பி.ஏ.எஸ். (பெரியோடிக் அமிலம்-ஷிஃப்) சாயமே போதும். கணக்கு தப்பினால் எல்லோரும் சாயத்தைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு நுரையீரலை எடுக்கும்போதே நடந்துவிடுகிறது.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வந்த பிறகு நாங்கள் செய்வது இது. ஆஸ்துமா போன்ற ஒவ்வாமையை வரவழைக்க, பால்ப்/சி என்ற ஆய்வக இனச் சுண்டெலிக்கு 0, 14-ஆம் நாட்களில் 20 மைக்ரோகிராம் ஓவால்புமினை (முட்டை வெள்ளைக்கருப் புரதம்) 2 மி.கி. ஆலத்துடன் (நோயெதிர்ப்பைத் தூண்டும் அலுமினிய உப்பு) கலந்து வயிற்றறைக்குள் ஊசி. 21 முதல் 23 வரை தினமும் அரை மணி நேரம் 1% ஓவால்புமின் நெபுலைசரில். எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) நீக்கிய ஓவால்புமினையே வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வாமைக்குரிய வெள்ளணுவான ஈசினோஃபில் வர வேண்டிய இடத்தில் வேறு வகை வெள்ளணுவான நியூட்ரோஃபில் குவியும்.

கடைசி நெபுலைசருக்கு 48 மணி நேரம் கழித்தே நுரையீரலை எடுக்கிறோம். இன்டர்லூக்கின்-13 என்ற சமிக்ஞைப் புரதம் தூண்டி, மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள கிளப் செல்கள் சளியைச் சேர்த்து வைக்கும் செல்களாக மாற நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் அழற்சி தெரியும், சளி தெரியாது.

ஈசினோஃபில் எண்ண நுரையீரலைக் கழுவியாக வேண்டும். ஆனால் கழுவிய பக்கத்தில் சளியும் போய்விடும். அதனால் இடது மூச்சுக்கிளையை நூலால் கட்டிவிட்டு வலதை மட்டும் கழுவுகிறோம். பிறகு வலதைக் கட்டி, இடது கட்டை அவிழ்த்து, 25 செ.மீ. உயரத்தில் தொங்கும் 10% ஃபார்மலினை மூச்சுக்குழாய் வழியே இறக்குகிறோம். நுரையீரல் விரியாமல் ஊறினால் குழாய்ச் சுவர் மடிந்து, செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.

5 மைக்ரான் வெட்டுகளில் பாரஃபினை நீக்கி, 0.5% பெரியோடிக் அமிலத்தில் 5 நிமிடம், காய்ச்சி வடித்த நீரில் அலசல், ஷிஃப் கரைசலில் 15 நிமிடம். அதன்பின் ஓடும் குழாய்த் தண்ணீரில் 10 நிமிடம்; வெளிர் சிவப்பு பீட்ரூட் நிறமாக ஏறுவது இங்கேதான், இதைக் குறைக்காதீர்கள். செல் கருக்களை நீலமாக்கும் ஹெமட்டாக்சிலின் ஒரு நிமிடத்துக்குள். நீலம் அதிகமானால் சிறு சளித்துளிகள் மறைந்துவிடும்.

ஷிஃப் கரைசலை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். கொஞ்சம் ஃபார்மலினில் சில துளி விட்டால் உடனே செவ்வூதாவாக மாற வேண்டும். தாமதமாக நீல ஊதா வந்தால் அந்தப் பாட்டில் கெட்டுவிட்டது. குடல் வெட்டு ஒன்றையும் கூடவே சாயமேற்றுங்கள், அதில் கோப்லட் செல்கள் நிச்சயம் இருக்கும். கிளைகோஜனும் இதே நிறம் எடுப்பதால் அதைச் சிதைக்கும் டயஸ்டேஸ் நொதி போட்ட ஸ்லைடு ஒன்று தேவை. அதிலும் நிறம் நின்றால்தான் சளி.

எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரியாதவர் எண்ணட்டும். அடிப்படைச் சவ்வின் ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை செல் என்று குறிக்கிறோம். பெரிய குழாயையும் சிறு குழாயையும் ஒரே கணக்கில் சேர்ப்பதில்லை, குழாயின் நடுவே கிடக்கும் சளியையும் சேர்ப்பதில்லை.

மூச்சுக்குழாயைச் சுருக்கும் மெத்தகோலின் மருந்துச் சோதனைக்கு உள்ளான விலங்கை இதற்கு எடுக்க வேண்டாம். அந்த மருந்திலேயே செல்கள் சளியைக் கொட்டிவிடக்கூடும். சாயத்தில் பார்த்தால் நோயே குறைந்ததுபோலத் தோன்றும். சளி எண்ண எப்போதும் தனிக் குழு வையுங்கள்.